எண்ணிக்கைக்கு ஓடிய வண்டிகள்

தரைப்பாலத்தை மூடிய அன்று ரொட்டிக்காரருடைய வண்டி, ஏற்றிக்கொண்டு போன பன்களில் ஒன்றுகூடக் குறையாமல் திரும்பி வந்தது.

பட்டறை வாசலில் மாவுக் கையோடு நின்றிருந்த அவர் மனைவிக்கு, வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. காலி வண்டியென்றால் குதித்துக்கொண்டு வரும். தகரத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதி ஊரையே எழுப்பும். இன்று அது மாசமாக இருப்பவள் நடப்பதுபோல் மெல்ல அசைந்து வந்தது.

"என்னங்க, வண்டி மக்கர் பண்ணுதா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. வழிக்குத்தான் கேடு வந்துடுச்சு." அவர் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். "அக்கரை வாய்ல சிமென்ட் கட்டையை இறக்கி வெச்சிருக்கான். என் இடுப்பு உசரம். முக்கால் ஆத்தைத் தாண்டின பிறகுதான் கண்ணுக்கே தெரியுது. திருப்ப இடம் ஏது? பின்னாலயே வந்தேன், அவ்வளவு தூரமும். கைப்பிடிச் சுவர் இல்லாத பாலத்துல கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே."

"மேல போயிருக்கலாமே, புதுப் பாலத்துல?"

"போலாம். நாலு நடை போறவன் நான். நடைக்கு நடை டோல் கட்டினா, பன்னை அக்கரைக்காரங்களுக்குக் குடுத்துட்டு லாபத்தை டோல்கேட்டுக்குக் குடுத்துட்டு வரலாம். எனக்கு வண்டி ஓட்டின புண்ணியம் மிஞ்சும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் இறங்கும்போது கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். குடித்துவிட்டு மிச்சத்தை முகத்தில் ஊற்றிக்கொண்டு, பேசாமல் அடுப்புக்குப் பின்னால் போய் விறகு அடுக்க ஆரம்பித்தார். ரொட்டிக்காரர் பேசினால் தெருவே கேட்கும். பேசாமல் இருந்தால் அது வீட்டுக்கு மட்டும் கேட்கும்.

அந்த வீட்டின் முன்பாதிதான் பட்டறை. சுவரோடு சுவராகச் செங்கல் அடுப்பு, அதன் எதிரில் மாவு பிசையும் இயந்திரம், நடுவில் எண்ணெய் ஊறிக் கறுத்த நீளப் பலகை. முதல் நாள் சாயங்காலமே ஈஸ்ட் போட்டு வைத்த மாவு விடியும் முன் தொட்டியின் விளிம்பைத் தொட்டு நிற்கும். அதைக் குத்தி அடக்கி, துண்டு துண்டாக வெட்டி, இரண்டு உள்ளங்கையிலும் இரண்டு உருண்டையாகச் சுழற்றித் தட்டில் வைப்பது அவள் வேலை. அடுப்பின் சூடு பார்ப்பது அவர் வேலை. ஒரு பிடி மாவை அடுப்புத் தளத்தில் வீசி, அது கருகும் வேகத்தைப் பார்த்து, "ம், வை" என்பார். வெந்த ரொட்டி முழுக்க அக்கரைக்குத்தான். பள்ளிக்கூடம் அங்கே, ஆஸ்பத்திரி அங்கே, டீக்கடைகள் அங்கே. இக்கரையில் இருப்பவை டயர்க்கடை, வெல்டிங் பட்டறை, லாரி ஷெட், அவற்றில் வேலை செய்பவர்களின் வீடுகள். இரும்பு தின்னும் ஊருக்கு ரொட்டி எதற்கு என்பார் ரொட்டிக்காரர்.

இத்தனைக்கும் பாலம் வேண்டும் வேண்டும் என்று கேட்டவர்கள் இவர்கள்தான்.

மழைக்காலம் வந்தால் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகும். வாரக்கணக்கில் போகும். அப்படி ஒரு மழையில், மூச்சுத் திணறிய தன் அம்மாவை இதே ரொட்டி வண்டியில் படுக்க வைத்துக்கொண்டு, இக்கரை மேட்டில் தண்ணீர் வடியக் காத்திருந்தவள் அவள். அக்கரையில் ஆஸ்பத்திரியின் விளக்குகள் தெரிந்தன. அம்மா அந்த விளக்குகளைப் பார்த்தபடியே போய்விட்டாள். அன்றைக்கு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பி, அரும்பு மீசைகூட வராத பையன். அவனை அதற்குப் பிறகு வளர்த்தது, படிக்க வைத்தது, பெண் பார்த்துக் கட்டி வைத்தது எல்லாம் அவளும் ரொட்டிக்காரரும்தான்.

ஆகவே பாலம் வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது ஊருக்கே திருவிழாவாக இருந்தது. அரசாங்கத்திடம் முழுப் பணம் இல்லை. பாதியை அது போடும், மீதியை ஒரு கம்பெனி போடும், கம்பெனிக்கு வங்கி கடன் கொடுக்கும். கட்டிய கம்பெனி பல வருஷம் டோல் வசூலித்துக் கடனை அடைத்துக்கொள்ளும், பிறகு பாலம் அரசாங்கத்துக்கு வந்துவிடும். வங்கி கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: ஒரு நாளைக்கு எத்தனை வண்டி இந்த ஆற்றைத் தாண்டுகிறது?

அதை எண்ணுவதற்குத் தரைப்பாலத்தின் இரு வாயிலும் பந்தல் போட்டார்கள். எண்ணுவதற்குக் கல்லூரி முடித்த பையன்களைத் தினக்கூலிக்கு எடுத்தார்கள். இக்கரைப் பந்தலில் உட்கார்ந்தவன் அவள் தம்பி. ஒல்லிக் குச்சி, காதில் எப்போதும் பென்சில் இருக்கும். ஊர் அவனைப் 'பென்சில்' என்றுதான் கூப்பிடும்.

முதல் நாள் மத்தியானம் டயர்க்கடைக்காரர் மூச்சிரைக்க வந்தார். "கேட்டீங்களா சேதி? வண்டி கம்மியா இருந்தா பேங்க்காரன் கையை விரிச்சுடுவானாம். பாலம் கோவிந்தா."

"வண்டிதானே வேணும்?" என்றார் ரொட்டிக்காரர். "நம்மகிட்ட இல்லாத வண்டியா? ஒரு சுத்து போய்ட்டு வருவோம். அக்கரையில திருப்பு, திரும்ப வா. அவன் வண்டியைத்தானே எண்றான், ஆளையா எண்றான்?"

அன்றிலிருந்து பந்தல் பிரிக்கும்வரை நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்குச் சிரிப்பில் உதடு துடிக்கும். லாரி ஷெட்டில் கிடந்ததெல்லாம் புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. டிராக்டர் போனது. பள்ளிக்கூட வேன் பிள்ளைகள் இல்லாமல் போய்ப் பிள்ளைகள் இல்லாமல் வந்தது. ஆஸ்பத்திரியின் பிண வண்டியைக்கூட அதன் டிரைவர் இரண்டு சுற்று ஓட்டினார். "உள்ள ஆள் இல்லையே?" என்று யாரோ கத்த, "நீ வர்றியா?" என்று அவர் திருப்பிக் கத்த, இரண்டு கரையும் சிரித்தது. அவள் கைக்குழந்தையாயிருந்த மகளை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டி வண்டியில் முன்னால் உட்கார்ந்து போனாள். முதல் சுற்றுக்குத் தம்பி கை அசைத்தான். இரண்டாவது சுற்றில் எழுதப் போன பென்சில் நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் மோவாயை ஆட்டினாள். 'எழுதுடா.' அவன் குனிந்து ஒரு கோடு போட்டான். அதற்குப் பிறகு எந்த வண்டிக்கும் அவன் நிமிரவில்லை.

பாலம் வந்தது. நல்ல பாலம், குறை சொல்ல முடியாத பாலம். எண்ணிக்கை எடுத்த பையன்களில் பென்சிலுக்கு டோல்கேட்டிலேயே வேலை கிடைத்தது, சில வருஷத்தில் மேற்பார்வையாளரும் ஆகிவிட்டான். அக்கரையில் வீடு பிடித்துக் குடியேறினான். மழைக்காலத்தில் எல்லோரும் பாலத்தின் மேல் போனார்கள், அதைக் கட்டியவர்களை வாழ்த்தினார்கள். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் கீழே தரைப்பாலத்துக்கு வந்துவிட்டார்கள். அவசரத்துக்கு மேலே, அன்றாடத்துக்குக் கீழே. ஊர் அப்படியே பழகிவிட்டது.

கட்டை வைத்த அன்று சாயங்காலம் தம்பி வந்தான். டோல்கேட்டின் நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, "மாமா இருக்காரா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஆள் இருக்கு. பேச்சுதான் இல்ல. உள்ள வா."

ரொட்டிக்காரர் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார். "மூடச் சொன்னது யாரு மாப்ளே? உங்க கம்பெனியா?"

"கம்பெனி இல்ல மாமா. அரசாங்கம்."

"அரசாங்கத்துக்கு நம்ம மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல. ஒப்பந்தம் அப்படி. தினம் இவ்வளவு வண்டி பாலத்துல போகும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதுக்குக் கீழ போனா, குறையிற வசூலை அரசாங்கம் கம்பெனிக்கு ஈடு கட்டணும். இதுவரைக்கும் கட்டிட்டிருந்தாங்க. இனிமே முடியாதுன்னுட்டாங்க. முடியலைன்னா பக்கத்துல இருக்கிற வேற வழியை மூடணும், வண்டி தானா மேல வரும். அதுவும் ஒப்பந்தத்துல இருக்கு."

"சரி, தினம் இவ்வளவு வண்டின்னு சொன்னது யாரு? எந்த மகராசன் கணக்கு அது?"

தம்பி பலகையில் ஒட்டியிருந்த மாவுத் துணுக்கை நகத்தால் கீறினான். "அப்போ எண்ணினோமே மாமா. அதுதான்."

அடுப்பில் ஒரு விறகு முறிந்து விழுந்தது. முதலில் சிரித்தது அவள்தான். அடக்க முடியாத சிரிப்பு. பிண வண்டி கண்முன் போனது. பிறகு இருவர் முகத்தையும் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டோம்" என்றார் ரொட்டிக்காரர். சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அடுப்பு பாதிச் சூட்டில்தான் எரிந்தது. நாலு நடை ஒரு நடையானது. சூடான பன்னுக்குப் பழகிய அக்கரை டீக்கடைகள், காலையில் வந்ததையே சாயங்காலமும் விற்க முடியாமல், பாக்கெட் ரொட்டி வாங்கிப் போட ஆரம்பித்தன. பள்ளிக்கூடத்துக்காரர் நல்ல மனிதர், "பிள்ளைகளுக்கு இடைவேளைக்குள்ள வந்தாப் போதும்" என்று இரண்டு மாதம் பொறுத்தார். பிறகு அவரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார். கோடைக் காற்று ஆற்று மணலை வாரிக்கொண்டு வந்து பட்டறைக்குள் போட்டது. மாவு மூடிய ஈரத்துணியின் மேல் மணல் படிந்தது. அவள் துணியை அலசி அலசிப் போட்டாள். ரொட்டிக்காரர் வண்டியை விற்பதா அடுப்பை விற்பதா என்று யோசிப்பது அவர் வண்டியைத் துடைக்கும் விதத்திலேயே தெரிந்தது. விற்கப்போகிறவன்தான் அப்படித் துடைப்பான்.

இக்கரைக்காரர்கள் மனுப் போட்டதில், விசாரணைக்கு ஒரு அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். டயர்க்கடைக்காரரும் வெல்டிங் பட்டறைக்காரரும் அன்றே வந்து உட்கார்ந்தார்கள்.

"உள்ளதைச் சொல்லிடுவோம்" என்றார் டயர்க்கடைக்காரர். "அந்தக் கணக்கே பொய்க் கணக்கு, நாங்கதான் சுத்தினோம்னு சொல்லிட்டா, ஈடு கட்டற பேச்சே அடிபட்டுப் போகும். அப்புறம் கட்டை எதுக்கு?"

"எண்ணினவன் என்ன பண்ணிட்டிருந்தான்னு கேட்பாங்க" என்றார் ரொட்டிக்காரர்.

"கேட்கட்டுமே."

"எண்ணினவன் என் மச்சான். கையில சோறு போட்டு வளர்த்த பையன். அவன் வயித்துல அடிச்சிட்டு நான் பன் விக்கணுமா?"

"அதுக்காக ஊரே பட்டினி கிடக்கணுமா?"

"ஊரைப் பத்தி நீ பேசு. நான் பேசமாட்டேன்."

அவர்கள் போனபின் அவள் அவரைக் கோபித்துக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. தம்பியைக் காப்பாற்றுகிறாரே என்று நெஞ்சு குளிர்ந்தது. தம்பிக்காக இந்த மனிதர் நொடிந்துபோகிறாரே என்று அதே நெஞ்சு எரிந்தது. மறுநாள் ஒரு பையில் ரொட்டியைப் போட்டுக்கொண்டு, பாலத்தின் மேல் நடந்தே அக்கரைக்குப் போனாள். நடப்பவர்களுக்கு டோல் இல்லை. பாலத்தின் நடுவிலிருந்து பார்த்தால் கீழே தரைப்பாலம் உலரப் போட்ட நாடாபோல் கிடந்தது. ஒரு நாய் மட்டும் அதில் போய்க்கொண்டிருந்தது.

தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். "வாங்க அண்ணி, வெயில்ல நடந்தா வந்தீங்க?" என்று மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். தம்பி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தான். அவள் சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"விசாரணைக்கு அதிகாரி வர்றாங்களாம்டா."

"தெரியும்."

"உள்ளதைச் சொல்லலாம்னு ஊர்ல பேச்சு."

"சொல்லட்டும். என் பேர் வரக்கூடாது."

"எண்ணினது யாருன்னு கேட்பாங்களே?"

"அப்போ சொல்ல வேணாம்." அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. "அக்கா, நீ ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நிக்காதே. மாமாவுக்கு வழி வேணும், சரி. எனக்கு இந்தச் சட்டைதான் வழி. இந்த வீட்டுக்குக் கடன் வாங்கியிருக்கேன். இவ மாசமா இருக்கா. நான் டோல்கேட்டை விட்டா எங்க போவேன்?"

"இவருக்கு வேற வேலை தெரியாது அண்ணி" என்றாள் தம்பி மனைவி, டீயை நீட்டியபடி. வேண்டுதல்போல இருந்தது அது. தம்பி மனைவி கர்ப்பமாக இருக்கும் செய்தியே அவளுக்கு அப்போதுதான் தெரியும். நல்ல செய்தியை இப்படியா கேட்க வேண்டும்! எழுந்து அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவினாள். "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்டா. நிம்மதியா இரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னாள்.

விசாரணை பள்ளிக்கூடக் கூடத்தில் நடந்தது. வெளியே மேகம் இறங்கிப் புழுங்கியது. பெரியவர்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் விசாரணை அதிகாரி, நடுவயதுப் பெண். களைத்த முகமானாலும் ஒவ்வொருவர் பேசும்போதும் அவர்களையே பார்த்துக் கேட்டார். அவர் பக்கத்தில் கம்பெனியின் ஆள். சின்ன வயது, மரியாதையான பேச்சு. கூடத்தின் பின்சுவரோடு நீலச் சட்டைகள் நான்கைந்து. அதில் ஒன்று தம்பி.

"நாங்க கட்டின பாலத்துல ஒரு விரிசல் உண்டா, சொல்லுங்க" என்றார் கம்பெனி ஆள். "எங்களுக்கும் கடன் இருக்கு. சொன்ன எண்ணிக்கையை நம்பித்தான் வாங்கினோம். அதுல பாதிகூட வரலைன்னா நாங்க என்ன செய்ய முடியும்?"

அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார். "எனக்கும் அதுதான் புரியலை. பாலம் கட்டறதுக்கு முன்னால இவ்வளவு வண்டி போயிருக்கு. கட்டின பிறகு மேலயும் கீழயும் சேர்த்துப் பார்த்தாலும் அதுல பாதி இல்லை. மீதி வண்டியெல்லாம் எங்க போச்சு?"

கூடமே தரையைப் பார்த்தது. டயர்க்கடைக்காரர் ரொட்டிக்காரரைப் பார்த்தார். ரொட்டிக்காரர் எழுந்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள், கைக்கு எட்டவில்லை.

"அது என் வேலைங்க" என்றார். "நான்தான் வண்டிகளைத் திரும்பத் திரும்பச் சுத்த விட்டேன். எண்ணின பசங்களை ஏமாத்திட்டேன். ஒவ்வொரு தடவையும் தார்ப்பாயை மாத்தி, நம்பர் பலகையை மாத்தி, வேற வண்டி மாதிரி அனுப்பினேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பச்சைப் பசங்க."

தார்ப்பாயாவது, பலகையாவது! பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, இனி என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

கம்பெனி ஆளின் முகம் மாறியது. "மேடம், இதை அப்படியே பதிவு பண்ணணும். திட்டம் போட்டு ஏமாத்தினதா இவரே ஒத்துக்கறார். எங்க நஷ்டத்துக்கு இவர் மேல வழக்குப் போடற உரிமை எங்களுக்கு இருக்கு."

"போடுங்க" என்றார் ரொட்டிக்காரர்.

அவள் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டோம் என்றே தெரிந்தது.

"அம்மா, இவர் சொல்றது பொய்ங்க. தார்ப்பாயும் மாத்தலை, ஒரு மண்ணும் மாத்தலை. அதே வண்டி, அதே ரொட்டி வாசனை. முன்னால நான் குழந்தையோட உட்கார்ந்திருந்தேன். அதே சேலை. கண்ணு தெரியாதவன்கூடக் கண்டுபிடிச்சுடுவான்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ எண்ணினவர் பார்க்கலையா?" என்று கேட்டார் அதிகாரி.

பின்சுவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவள் கழுத்தை இறுக்கி வைத்துக்கொண்டாள். தம்பிக்குக் கொடுத்த வாக்கு நாக்கில் கசந்தது. பக்கத்தில் ரொட்டிக்காரர் "உட்காரு, உட்காரு" என்று மூச்சாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் விரல் நகங்களில் காலை மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது. இந்தக் கைக்கு விலங்கா!

"பார்த்தான். எண்ணினது என் தம்பி. இரண்டாவது சுத்துலயே பார்த்துட்டான், பென்சிலை நிறுத்திட்டான். நான்தான் எழுதுடான்னு ஜாடை காட்டினேன். அம்மா இல்லாத பையன். நான் சொன்னா கிணத்துலயும் குதிப்பான். எழுதிட்டான். குத்தம்னா அது என் குத்தம். எங்க அம்மா ஆத்துக்கு இந்தப் பக்கமே செத்துப்போனா. பாலம் வரணும்னு எனக்கு வெறி. அவ்வளவுதான்."

பிறகு டயர்க்கடைக்காரர் எழுந்தார். "நானும் சுத்தினேங்க. லாரியில." வெல்டிங் பட்டறைக்காரர் எழுந்தார். அக்கரை டீக்கடை அம்மா, "நான் வண்டி ஓட்டலை, ஆனா அக்கரையில திரும்பி வர்றவங்களுக்கெல்லாம் இலவசமா டீ ஊத்தினேன்" என்றாள். கடைசியாகப் பிண வண்டி டிரைவர் எழுந்து, "நான் அரசாங்க வண்டியிலயே சுத்தினேன். எனக்கு என்ன தண்டனையோ" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

அவள் திரும்பிப் பார்த்தபோது பின்சுவரில் ஒரு நீலச் சட்டை குறைந்திருந்தது.

அதிகாரி சொன்னது இது: ஊரே செய்ததை ஒருத்தர் தலையில் கட்ட முடியாது. அந்தப் பழைய கணக்கையும் இனி நம்ப முடியாது. வெளியாட்களை வைத்து மறுபடி எண்ண வேண்டும், அதன்மேல்தான் ஒப்பந்தத்தைத் திருத்துவது பற்றிப் பேச முடியும், அதற்கு நாளாகும். அதுவரை கட்டைகள் இருக்கும். ஆனால் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போக இரண்டு கட்டைகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும்.

"மறுபடி எண்றப்போ நாம யாரும் வண்டியையே எடுக்கக் கூடாது. கணக்கு தரைமட்டத்துக்குப் போயிடும்" என்று வெளியே வந்ததும் டயர்க்கடைக்காரர் கிசுகிசுத்தார்.

ரொட்டிக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் டயர்க்கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

அந்த வாரமே தம்பியின் வேலை போனது. சிமென்ட் குடோனில் மூட்டைக்குச் சீட்டுப் போடும் வேலைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டாள். வீட்டுப் பக்கம் வரவில்லை. மழை வந்து, தரைப்பாலம் முழுகி, தண்ணீர் வடிந்து, வெயில் எட்டிப் பார்க்கும்வரை வரவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போன கையோடு பாலம் தாண்டி வந்த தம்பி மனைவி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு பட்டறை வாசலில் நின்றாள். ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டாள். "கோவம் ஆறலை அண்ணி. ஆனா ரொட்டி வீட்டுக்குள்ள வந்தா வேணாம்னு சொல்லமாட்டாரு" என்றாள். மற்றொரு நாள் கடைத்தெருவில் தம்பியே எதிரில் வந்தான். "நல்லா இருக்கியாடா?" என்றாள். "ம்" என்றான். அவ்வளவுதான். அவன் பேசத் தொடங்கிய நாள்முதல் அவளிடம் 'அக்கா' இல்லாமல் ஒரு பேச்சு பேசியதில்லை. அந்த 'ம்' அவளோடு வீடுவரை நடந்து வந்தது.

ரொட்டிக்காரர் வண்டியை விற்கவில்லை. வண்டியைத் தரைப்பாலத்தின் கோடிவரை ஓட்டிக்கொண்டு போய்க் கட்டைகளுக்கு முன்னால் நிறுத்துவார். டீக்கடை அம்மா தன் தள்ளுவண்டியைக் கட்டைக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்துவாள். தட்டு இடைவெளியில் நுழையாது, அகலம். கட்டைக்கு மேலாக ஒவ்வொரு தட்டாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து தள்ளிக்கொண்டு போனால் பழைய கடைகளில் பாதியாவது கிடைக்கும். இடுப்பு போய்விடும், பன் போகாது.

அன்று அந்தப் பக்கம் தள்ளுவண்டி மட்டும் நின்றது. டீக்கடை அம்மாவுக்கு மூட்டுவலி, வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டாள். ரொட்டிக்காரர் வண்டிக்குள் ஏறித் தட்டுகளை இழுத்துக் கொடுக்க, அவள் முதல் தட்டைக் கட்டையின் மேல் வைத்துக்கொண்டு, இனி யார் வாங்குவது என்று நின்றாள். பின்னால் சைக்கிள்காரர்கள் மணியடித்தார்கள். ஆற்றில் மிச்சத் தண்ணீர் சேற்று வாசனையோடு ஓடிக்கொண்டிருந்தது.

குடோனுக்குப் போகும் வழியில் அந்தப் பக்கமாகத் தம்பி வந்தான். சிமென்ட் படிந்த பழைய சட்டை. அவளைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்துவிட்டு வந்து கையை நீட்டினான்.

"பார்த்துடா, சூடு" என்றாள்.

அவன் வாங்கித் தள்ளுவண்டியில் வைத்தான். அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு. அவன் முகம் அவள் முகத்துக்கு ஒரு முழத்தில் வந்து வந்து போனது. கண் மட்டும் தட்டை விட்டு நிமிரவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது.

"மாப்ளே, ரொட்டியைக் கீழ வை. பன் மேல இருக்கட்டும், நசுங்கும்" என்றார் ரொட்டிக்காரர் வண்டிக்குள்ளிருந்து, நேற்றும் முந்தாநாளும் பேசிக்கொண்டிருந்தவரைப்போல.

"தெரியும் மாமா."

மாமாவுக்குப் பேச்சு உண்டு. அவளுக்குத்தான் இல்லை. இருக்கட்டும், தம்பி வந்தானே என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் கண் மங்கியது.

ரொட்டிக்காரர் இன்னொரு தட்டைக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். அவள் அதைக் கட்டையின் மேல் வைத்தாள். அவன் பிடித்து இழுத்தான். தட்டு வரவில்லை. அவள் விளிம்பை விடாமல் பிடித்திருந்தாள். மறுபடி இழுத்தான். சைக்கிள் மணிகள் ஒலித்தன.

"இன்னும் எத்தனை தட்டு?" என்றான் குனிந்தபடி.

"இதான்டா கடைசி."

அவன் நிமிர்ந்தான். தகரத்தின் சூடு இருவர் விரலிலும் ஏறிக்கொண்டிருந்தது.

"விடுக்கா" என்றான். "கை சுடுது."

அவள் விட்டாள்.